வாசிகசாலையில் ஒரு மாலை கதைக்க இடம் தாருங்கள்

மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களின் பிரதேச சபைத் தவிசாளர்களுக்கும் உறுப்பினர்களுக்கும்,

வணக்கம். அஸ்ஸலாமு அலைக்கும்.

நான் மட்டக்களப்பு வாவிக்குக் கிழக்கே எழுவான்கரையில் இருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியை. முப்பது வருடத்துக்கு மேல் படிப்பித்தேன், அதில் பெரும்பகுதி வாவிக்கு மேற்கே படுவான்கரையில். 2023 மார்ச்சில் சபைகளின் காலம் முடிந்து, இரண்டு வருடத்துக்கு மேல் உறுப்பினர்களே இல்லாமல் கிடந்து, 2025 மே மாதம்தான் மறுபடி வாக்களித்து உங்களை அனுப்பினோம். உங்கள் மேசையில் வீதி, வடிகான், தெருவிளக்கு, குப்பை என்று நிறைய மனுக்கள் இருக்கும். நான் கேட்பது சின்ன விடயம். உங்கள் பொறுப்பில் இருக்கும் வாசிகசாலைகளில் கிழமைக்கு ஒரு மாலை, இரண்டு மணித்தியாலம், சனங்கள் இருந்து கதைக்க விடுங்கள்.

ஏன் இதைக் கேட்கிறேன் என்று சொல்கிறேன்.

இரண்டு வருடத்துக்கு முன் ஒரு பின்னேரம் நான் ஒரு வாசிகசாலையில் பத்திரிகை பார்த்துக்கொண்டு இருந்தேன். ஊர்ப் பெயர் வேண்டாம். பக்கத்து மேசையில் வயதான இரண்டு பேர் ஒரே பத்திரிகையைப் பங்கு போட்டு வாசித்தபடி மெல்லக் கதைத்துக்கொண்டு இருந்தார்கள். சிறுபோகத்துக்குக் குளத்துத் தண்ணீர் போதுமா என்று தொடங்கிய கதை, மெஷின் வருவதற்கு முன்னால் களவெட்டியில், அதாவது நெற்களத்தில், எருமை கட்டிச் சூடு மிதித்த காலத்துக்குப் போய்விட்டது. "களவெட்டிக்குள்ள போனா வீட்டுல கதைக்கிற மாதிரிக் கதைக்க மாட்டம். அங்க எல்லாத்துக்கும் வேற சொல்லு" என்றார் ஒருவர். சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்க வந்திருந்த ஒரு பொடியன் கொப்பியை மூடிவிட்டுக் கேட்டுக்கொண்டு இருந்தான். "ஏன் ஐயா வேற சொல்லு?" என்று அவன் கேட்டான்.

அந்த நேரம் பொறுப்பாக இருந்த பிள்ளை வந்து சுவரில் இருந்த பலகையைக் காட்டினார். "அமைதி பேணவும்." மண்டபத்தில் எங்கள் நாலு பேரைத் தவிர வேறு யாரும் இல்லை. பெரியவர்கள் இரண்டு பேரும் எழும்பினார்கள். "சரி மகள், நாங்க வெளிய போறம்" என்று சொல்லிவிட்டுச் சைக்கிளை எடுத்தார்கள். பொடியன் கொப்பியைத் திறந்தான்.

அந்தப் பிள்ளையில் பிழை இல்லை. சபை கொடுத்த விதியைத்தான் அவர் காப்பாற்றினார். ஆனால் ஒரு கேள்வி கேட்கப்பட்டு, அதற்குப் பதில் தெரிந்த ஆள் முன்னால் இருந்தும், பதில் வராமல் போனது. முப்பது வருடம் படிப்பித்த நான் அதைப் பார்த்துக்கொண்டு வாய் திறக்காமல் இருந்தேன். அது இன்றும் மனதுக்குள் கிடக்கிறது.

எங்கள் பக்கத்தில் "அம்மா பேசினா" என்றால் அம்மா ஏசினார் என்றுதான் விளங்கும். ஒருவருக்கொருவர் மனதில் உள்ளதைச் சொல்லிக் கேட்பதற்கு நாங்கள் வைத்திருக்கும் சொல் "கதைப்பது". கூட்டங்களில் பேசுகிறோம். பிள்ளைகளைப் பேசுகிறோம். கதைப்பது குறைந்துகொண்டு போகிறது. போன் வந்ததால்தான் என்று எல்லோரும் சொல்கிறார்கள். அதில் பாதி உண்மை இருக்கும். எனக்குப் படுவது வேறு. கதைக்கிற இடங்கள் ஒவ்வொன்றாக இல்லாமல் போனதை நாங்கள் கவனிக்கவில்லை.

எனக்குத் தெரிந்த பெரிய இடம் மண்முனைப் பாதை. வெளியூர் ஆட்களுக்குப் பாதை என்றால் ரோட்டு. எங்களுக்கு அது ஆற்றைக் கடக்கிற மிதவை. 2014இல் ஜப்பான் உதவியோடு மண்முனைப் பாலம் திறக்கும்வரை கொக்கட்டிச்சோலைப் பக்கம் படிப்பிக்கப் போகிற நாங்கள் அந்தப் பாதையில்தான் போய் வந்தோம். அக்கரையில் நிற்கிற பாதை இக்கரைக்கு வரும்வரை நிற்க வேண்டும், ஏறியபிறகும் நிற்க வேண்டும். பசளை மூட்டையோடு விவசாயி, மீன் கூடையோடு ஒரு அக்கா, குடும்பநல உத்தியோகத்தர், காத்தான்குடியில் இருந்து சைக்கிளில் துணி கட்டிக்கொண்டு வரும் ஒரு முஸ்லிம் காக்கா (அண்ணன்), சீருடையோடு பிள்ளைகள் என்று எல்லோரும் ஒரே பலகையில். நல்ல காலம், கெட்ட காலம் இரண்டிலும் அப்படித்தான் நின்றோம். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு எவ்வளவு நேரம் சும்மா நிற்கலாம்? கதை வந்துவிடும்.

என் வகுப்பில் அப்போது ஒரு பொடியன் இருந்தான். பெரும்போகத்தில் சில கிழமைகள் அவன் வரவே மாட்டான், வந்தாலும் மேசையில் தலையை வைத்துத் தூங்குவான். அவனை எத்தனையோ நாள் எழுப்பி நிறுத்தி ஏசியிருக்கிறேன். தகப்பனைப் பள்ளிக்கூடத்துக்குக் கூப்பிட்டபோது அவர் கையைக் கட்டிக்கொண்டு "ஓம் ரீச்சர், சொல்றன் ரீச்சர்" என்று இரண்டு சொல்லோடு போய்விட்டார். அதே மனிதரைப் பாதையில் ஒரு காலை கண்டேன். பள்ளிக்கூடத்தில் நின்ற ஆள் இவர்தானா என்று இருந்தது. வயல் எப்படி என்று நான்தான் கேட்டேன். யானை வருகிறது, இரவில் காவலுக்கு ஆள் இல்லை, தனக்கு இடுப்பு ஒண்ணாது, மூத்தவன்தான் பரணில் இருக்கிறான் என்று அவர் சொன்னார். "விடியத்தான் ரீச்சர் அவன் இறங்கி வாறான். நீங்க ஏசினா நல்லதுக்குத்தான் ஏசுவீங்க எண்டு நான் ஒண்டும் சொல்லல்ல."

அன்றைக்கு வகுப்புக்குப் போனபோது அவனை எழுப்பவில்லை. பின்னேரம் பாதைக்கு நடக்கும்போது அவனுக்கு விட்டுப்போன பாடத்தைச் சொல்லிக்கொண்டு போவது பழக்கமாயிற்று. பயிற்சிக் கலாசாலை எனக்குப் படிப்பிக்காததை அந்தத் தகப்பன் ஆற்றுக்கு நடுவில் வைத்துப் படிப்பித்தார். அவர் என்னை நம்பியதற்குக் காரணம் அந்த இடம். அங்கே நான் மேசைக்குப் பின்னால் இருக்கவில்லை.

பாலம் வேண்டாம் என்று சொல்பவள் இல்லை நான். பிரசவ வலியோடு பாதைக்குக் காத்து நின்ற பெண்களைக் கண்டிருக்கிறேன். பாலம் எங்களுக்கு உயிர். ஆனால் பாலத்தில் யாரும் நிற்பதில்லை. இப்போது ஊரில் நாங்கள் மணிக்கணக்கில் உட்கார்ந்து கதைக்கிற ஒரே இடம் செத்தவீடு. எட்டு, முப்பத்தொன்று என்று அங்கேதான் சொந்தங்கள் கூடி, செத்தவர் என்ன நினைத்தார், என்ன பட்டார் என்பதை முதல்முதலாகக் கேட்கிறோம். உயிரோடு இருக்கும்போது கேட்டிருந்தால் என்ன?

கதைத்து என்ன ஆகும், வேலை நடக்குமா என்று உங்களில் சிலர் நினைக்கலாம். அம்பாறை மாவட்ட உறுப்பினர்களுக்கு ஒரு விடயத்தை ஞாபகப்படுத்துகிறேன். இங்கினியாகலையில் அணை கட்டிச் சேனநாயக்க சமுத்திரம் உருவான பிறகு, கல்லோயா இடதுகரை வாய்க்கால்களின் மேல்பக்கத்தில் சிங்கள விவசாயிகள், கடைக்கோடியில் தமிழ் பேசும் விவசாயிகள் என்று இருந்தார்கள். 1970களின் முடிவில் வாய்க்கால்கள் தூர்ந்து, மதகுகள் உடைந்து, கடைக்கோடிக்குத் தண்ணீர் போய்ச் சேராத நிலை. விவசாயிகளோடு வேலை செய்ய முடியாது என்று அதிகாரிகளும், அதிகாரிகளை நம்ப முடியாது என்று விவசாயிகளும் ஆளுக்கொரு பக்கம் திரும்பியிருந்தார்கள். 1981இல் கமநல ஆராய்ச்சி பயிற்சி நிறுவனமும் அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகமும் சேர்ந்து, படித்த இளைஞர் யுவதிகளை அந்த ஊர்களில் தங்கவைத்தன. கோர்னெல் பேராசிரியர் நோர்மன் அப்ஹொஃப் இதில் முன்னின்றவர். அந்த இளைஞர்கள் போனவுடன் சங்கம் அமைக்கவில்லை, தலைவர் செயலாளர் தெரிவு வைக்கவில்லை. வீடு வீடாகப் போய்க் கதைத்தார்கள். தண்ணீரில் என்ன கஷ்டம், யார் யாரோடு கோபம், எந்த வாய்க்கால் எங்கே அடைத்தது என்று கேட்டார்கள். பிறகு ஒரே வயல் வாய்க்காலில் தண்ணீர் எடுக்கிறவர்களைச் சின்னச் சின்னக் குழுவாக இருத்திக் கதைக்கவிட்டார்கள்.

அந்த வருடம் சமுத்திரத்தில் கால்வாசித் தண்ணீர்தான். சண்டை வர வேண்டிய வருடம். நடந்தது என்ன தெரியுமா? வருடக்கணக்காக யாரும் தொடாத வாய்க்கால்களை விவசாயிகளே இறங்கித் துப்புரவாக்கினார்கள். முறைவைத்துத் தண்ணீர் எடுத்தார்கள். மேலே இருந்த சிங்கள விவசாயிகள் மிச்சம் பிடித்த தண்ணீர் கீழே தமிழ் விவசாயிகளின் வயலுக்கு ஓடியது. யாழ்ப்பாண நூலகத்தை எரித்த அதே 1981. இதை எத்தனை முறை நினைத்தாலும் எனக்கு உடம்பு சிலிர்க்கும். பெரும்போக ஆரம்பக் கூட்டங்கள் எங்களுக்குத் தேவை; தண்ணீர் திறக்கிற திகதியும் விதைக்கிற திகதியும் அங்கேதான் முடிவாகின்றன. ஆனால் ஒலிவாங்கி வைத்த கூட்டத்தில் "என் வாய்க்காலை நீ அடைத்தாய், ஏன் அடைத்தாய்?" என்று ஒருவர் இன்னொருவரைக் கேட்டுப் பதில் வாங்க முடியாது. அதற்கு வரம்பில் குந்தியிருக்க வேண்டும்.

வகுப்பறைக்கு வருகிறேன், என் சொந்தக் குறையையும் சொல்ல வேண்டும். நான் கேள்வி கேட்டுவிட்டுப் பதிலையும் நானே சொல்கிற ஆசிரியையாக வெகுகாலம் இருந்தேன். சிலபஸ் முடிக்க வேண்டும் என்ற அவசரம். மேரி பட் ரோ என்ற அமெரிக்கக் கல்வியாளர் 1970களில் வகுப்பறைகளைப் பதிவுசெய்து கேட்டபோது, ஆசிரியர்கள் கேள்வி கேட்டபின் சராசரியாக ஒரு செக்கன் அளவுதான் பொறுக்கிறார்கள் என்று கண்டார். மூன்று செக்கன் பொறுத்தால் பதில்கள் நீளமாகின்றன, வழமையாக வாய் திறக்காத பிள்ளைகளும் சொல்லத் தொடங்குகிறார்கள், பிள்ளைகளே கேள்வி கேட்கிறார்கள் என்றும் கண்டார். ஒரு செயலமர்வில் இதைக் கேட்டேன். மூன்று செக்கனா, அதில் என்ன இருக்கிறது என்று நினைத்தேன். மறுநாள் கேள்வி கேட்டுவிட்டு மனதுக்குள் ஒன்று, இரண்டு, மூன்று எண்ணினேன். ஒரு யுகம் மாதிரி இருந்தது.

நான் கடைசியாகப் படிப்பித்த பள்ளிக்கூடத்தில் நடந்ததைச் சொல்கிறேன். கரையோரத்து மணல் திட்டு பற்றிப் புவியியல் பாடம். முகத்துவாரத்தில் மணல் அடைத்து ஆறும் கடலும் பிரிந்துவிடுகிறதே, மாரியில் அதை வெட்டிவிடுகிறோம், அது நல்லதா என்று கேட்டேன். எண்ணினேன். அந்த வருடம் முழுக்க என்னோடு இரண்டு வசனம்கூடக் கதைக்காத ஒரு பிள்ளை எழும்பினாள். "வெட்டினா இறால் கடலுக்குப் போயிரும் ரீச்சர். அப்பா ஒவ்வொரு தடவையும் கவலைப்படுவார்." பின்வாங்கில் இருந்து ஒருவன் எழும்பினான். "வெட்டாட்டி எங்கட வெள்ளாமை அழுகிரும்." பாடவேளை முடிந்த மணி எங்களில் ஒருவருக்கும் கேட்கவில்லை. அவர்கள் இரண்டு பேரும் மூன்று வருடமாக ஒரே வகுப்பில் இருந்தவர்கள். ஒருவர் வீட்டில் மழை எப்படிப் பெய்கிறது, மற்றவர் வீட்டில் எப்படிப் பெய்கிறது என்று அன்றைக்குத்தான் அறிந்தார்கள். வீட்டுக்குப் போய்த் தகப்பன்மாரிடம் கேட்டுக்கொண்டு மறுநாளும் வந்தார்கள். எப்போது வெட்டுவது, எவ்வளவு தண்ணீர் உயர்ந்தால் வெட்டுவது என்று கேள்வி மாறியது. முடிவு எதுவும் கிடைக்கவில்லை. ஆனால் அந்தப் பிள்ளை அதற்குப் பிறகு என் வகுப்பில் மௌனமாக இருந்ததில்லை.

இது வெள்ளைக்காரர் கண்டுபிடித்துச் சொல்ல வேண்டிய விடயமும் இல்லை. நன்னூலில் பவணந்தி முனிவர் எழுநூறு, எண்ணூறு வருடத்துக்கு முன்னமே கணக்குப் போட்டு வைத்திருக்கிறார். ஆசிரியர் சொன்னதை முழுவதும் வாங்கிக்கொண்டாலும் ஒருவனுக்குக் கால்பங்குதான் வரும். கூடப் படிப்பவர்களோடு பழகிக் கதைப்பதில் இன்னொரு கால்பங்கு. பிறருக்கு எடுத்துச் சொல்லும்போதுதான் மிச்ச அரைப்பங்கும் வந்து சேரும். எங்கள் பிள்ளைகள் காலையில் பள்ளிக்கூடத்தில் முதல் கால்பங்கைப் படிக்கிறார்கள். பின்னேரம் ரியூசனுக்குக் காசு கட்டி அதே முதல் கால்பங்கை மறுபடி படிக்கிறார்கள். மிச்ச முக்கால் பங்குக்கு அவர்களுக்கு இடமும் இல்லை, நேரமும் இல்லை.

இனி எழுதப் போவது கொஞ்சம் கஷ்டமானது. ஆனாலும் எழுத வேண்டும்.

கல்முனை வீதியில் பஸ்ஸில் போகிறவர்களுக்குத் தெரியும், தமிழர்கள் இருக்கும் ஆரையம்பதி எங்கே முடிகிறது, முஸ்லிம்கள் இருக்கும் காத்தான்குடி எங்கே தொடங்குகிறது என்று கோடு போட்டுக் காட்ட முடியாது. சுவருக்குச் சுவர் ஒட்டின ஊர்கள். கிழக்கு முழுக்க அப்படித்தான் இருக்கிறோம். 1990இல் இரண்டு பக்கமும் பிள்ளைகளை, ஆண்களை, முழுக் குடும்பங்களை இழந்தது. அந்தத் துக்கத்தை நாங்கள் எங்கள் வீட்டுக்குள்ளும் அவர்கள் தங்கள் வீட்டுக்குள்ளும் மட்டும் சொல்லிச் சொல்லி வைத்திருக்கிறோம். 2004 சுனாமிக்குப் பிறகு சில நாள் எல்லோரும் ஒருவர் வாசலில் ஒருவர் நின்றோம். பிறகு 2019 ஏப்ரல் 21, மட்டக்களப்புச் சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்தது. ஞாயிறுப் பாடசாலைக்குப் போன பிள்ளைகளும் அதில் போனார்கள். அதற்குப் பிறகு பஸ்ஸில் கதை நின்றுபோனது. பக்கத்துச் சீற் காலியாக இருந்தும் ஆட்கள் நின்றுகொண்டு வந்தார்கள். நானும் நின்றிருக்கிறேன்.

அந்த வருடம் ஆவணியிலோ புரட்டாதியிலோ ஒருநாள், வயதான ஒரு உம்மா எனக்குப் பக்கத்தில் இடம் காட்டி, "மகள், இதில இரிங்க" என்றார். இருந்தேன். முழங்கால் ஒண்ணாமல் இருக்கிறது, ஆஸ்பத்திரிக்குப் போகிறேன் என்றார். என் அம்மாவுக்கு என்ன எண்ணெய் போட்டோம் என்று சொன்னேன். கல்லடிப் பாலம் வரும்போது அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "உங்கட ஆக்கள் இன்னும் எங்களோட கோவமா மகள்?" என்று கேட்டார். எனக்கு என்ன சொல்வது என்று தெரியவில்லை. "எனக்குப் பயமாத்தான் இருந்திச்சு உம்மா" என்றேன். உண்மை அதுதான். "எங்களுக்கும் மகள்" என்றார். வேறு ஒன்றும் கதைக்கவில்லை. இறங்கும்போது அவர் கையைப் பிடித்து இறக்கிவிட்டேன்.

சிக்காகோ நகரில் ரயிலில் வேலைக்குப் போகிறவர்களை வைத்து நிக்கலஸ் எப்லி, ஜூலியானா ஷ்ரோடர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2014இல் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். முன்பின் தெரியாதவரோடு கதைத்தால் பயணம் சங்கடமாக இருக்கும் என்று ஆட்கள் நினைத்தார்கள். உண்மையில் கதைத்துக்கொண்டு போனவர்களுக்குத்தான் பயணம் இனிமையாக இருந்தது. கதைக்க மற்றவருக்கு விருப்பம் இருக்காது என்று ஒவ்வொருவரும் எண்ணிக்கொள்கிறோம். மற்றவரும் அதையே எண்ணிக்கொண்டு இருக்கிறார். அந்த உம்மா கேட்காமல் விட்டிருந்தால் நான் இன்றைக்கும் நின்றுகொண்டுதான் போயிருப்பேன்.

பெண்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கோயில் கூட்டத்தில் கோயிலை நிர்வகிக்கும் வண்ணக்கர்மாரும் மற்ற ஆண்களும் கதைக்க, நாங்கள் மறுபக்கம் இருந்து கேட்போம். பள்ளிவாசலில் என்ன நடைமுறை என்று அந்தச் சகோதரிகள்தான் சொல்ல வேண்டும். ஊரில் பெண்களைக் கிழமைக்கு ஒருமுறை கட்டாயம் வரச்சொல்லிக் கூட்டுகிற கூட்டம் எது தெரியுமா? நுண்கடன் அறவிடுகிற கூட்டம். மரத்தடியில் வட்டமாக இருத்தி, யார் கட்டவில்லை என்று பெயர் வாசிக்கிற கூட்டம். வட்டமாக இருக்கிற பழக்கத்தை இப்படி ஒரு காரியத்துக்காக எங்கள் பெண்கள் பழக வேண்டி வந்ததே என்று எனக்கு ஆறாத வருத்தம். கணவன்மார் கட்டாரிலும் சவூதியிலும் இருக்கிற வீடுகளில், "சாப்பிட்டாச்சா, காசு வந்ததா" என்பதோடு இரவு வட்ஸ்அப் கதை முடிகிறது. பக்கத்தில் இருக்கிற சின்னப்பிள்ளைக்கு அம்மாவோடு கதைக்க எவ்வளவு இருக்கும்? ஹார்வர்ட், எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் 2018இல் 4 முதல் 6 வயதுவரையான 36 பிள்ளைகளைப் பார்த்துச் சொன்னார்கள்: பெரியவரோடு மாறி மாறிக் கதைத்த தடவைகள் கூடக்கூட, மொழிக்குரிய மூளைப்பகுதி அதிகம் வேலை செய்தது. பிள்ளையின் காதில் விழுந்த சொற்களின் தொகையோ, தாய் தகப்பனின் வருமானமோ படிப்போ அதற்குக் காரணமாகத் தெரியவில்லை. ஆக, வசதி இல்லாத வீட்டிலும் இது முடியும். ஆனால் மனதில் பாரத்தோடு இருக்கிற தாய் பிள்ளையோடு கதைப்பதற்கு, முதலில் அவளோடு கதைக்க யாராவது வேண்டும்.

சரி, நான் கேட்பது எப்படி நடக்கும் என்று சொல்கிறேன்.

சனிக்கிழமை பின்னேரம் 4 மணியில் இருந்து 6 மணி வரை. மஃரிப் தொழுகைக்கும் கோயில் பூசைக்கும் முன்னால் முடிந்துவிடும்; மாரியில் பொழுது முந்திப் படுவதால் அரை மணித்தியாலம் முந்தித் தொடங்கி முந்தி முடிக்கலாம். வாசிகசாலையின் முன் மண்டபம் போதும். மண்டபம் இல்லாவிட்டால் வாசல். வாங்கையும் கதிரையையும் வட்டமாகப் போடுங்கள். ஒலிவாங்கி வேண்டாம். குத்துவிளக்கு, மாலை, பொன்னாடை, பிரதம அதிதி ஒன்றும் வேண்டாம். நீங்கள் வந்தாலும் அந்த வட்டத்தில் ஒரு கதிரையில் இருங்கள். ஒவ்வொரு கிழமையும் ஒரே ஒரு கேள்வி, முந்தின கிழமையே பலகையில் எழுதிவிட வேண்டும். 1978 நவம்பர் 23 சூறாவளி இரவில் உங்கள் வீட்டில் என்ன நடந்தது? யானையோடு எப்படி வாழ்வது? இந்த ஊருக்கு இந்தப் பெயர் எப்படி வந்தது? உங்கள் பிள்ளை என்னவாக வர வேண்டும் என்று நினைக்கிறீர்கள், பிள்ளை என்ன நினைக்கிறது? மாதத்தில் ஒரு கிழமை பக்கத்து ஊர் ஆட்களை அழையுங்கள், இன்னொரு கிழமை அவர்களுடைய வாசிகசாலைக்குப் போகலாம். அம்பாறையில் சிங்களம் தெரிந்த எங்கள் பிள்ளைகளும் தமிழ் தெரிந்த சிங்களப் பிள்ளைகளும் இருக்கிறார்கள், மொழிபெயர்க்க அவர்களை இருத்துங்கள். ஒரு கிழமை பெண்களுக்கு மட்டும்.

வாசிக்க வருகிறவர்களுக்கு இடைஞ்சல் என்பீர்கள். கிழமையின் மிச்ச நேரம் முழுக்க அமைதி அவர்களுக்குத்தான், அந்தப் பலகையைக் கழற்றச் சொல்லவில்லை. அரசியல் கதைப்பார்கள், சண்டை வரும் என்பீர்கள். வரலாம். இறாலும் வெள்ளாமையும் சண்டை பிடித்த வகுப்பில் நான் நின்றிருக்கிறேன்; கேட்கிற ஒருவர் நடுவில் இருந்தால் அது ஏச்சாக மாறாது. ஊரில் அப்படிக் கேட்கத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், தாதிமார், கூத்துப் பழக்கும் அண்ணாவிமார், வயல் காரியம் பார்க்கும் வட்டவிதானைமார். கூப்பிட்டால் வருவார்கள்.

இது சபையின் வேலையா என்று கேட்டால், 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டத்தை எடுத்துப் பாருங்கள். வீதியோடும் சுகாதாரத்தோடும் சேர்த்து, சனங்களின் வசதியையும் நலனையும் பார்ப்பது உங்கள் கடமை என்று இருக்கிறது. தனிமையால் உலகத்தில் ஆறு பேரில் ஒருவர் பாதிக்கப்படுகிறார் என்று உலக சுகாதார நிறுவனம் 2025இல் சொல்லியிருக்கிறது. நுளம்புக்குப் புகை அடிக்கிற சபை இதையும் பார்க்கலாம்.

நான் சொன்ன அந்தப் பெரியவர்களில் ஒருவர் இப்போது இல்லை. மற்றவர் இன்னமும் பின்னேரங்களில் வாசிகசாலைக்கு எதிரே மதகில் வந்து இருக்கிறார். உள்ளே வருவதில்லை. அந்தப் பொடியன் இந்த வருடம் உயர்தரம் படிக்கிறான். நீங்கள் சம்மதித்தால் முதல் சனிக்கிழமைக்குப் பலகையில் எழுத என்னிடம் கேள்வி இருக்கிறது: "களவெட்டியில் ஏன் வேறு சொற்கள்?" இரண்டு பேரையும் அழைத்து வருவது என் பொறுப்பு. தேத்தண்ணிக்கு இஞ்சியும் சீனியும் நான் கொண்டு வருகிறேன். நுளம்புச்சுருளும் ஆறு மணி வரை திறப்பை வைத்துக்கொள்ள ஒருவரும் சபை தந்தால் போதும்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருத்தி,
எழுவான்கரை